லாபம், ரெண்டு, மூணு

ஈரோட்டுச் சந்தையில் செவ்வாய் விடியக்காலை
அறுபது நைட்டி எடுத்தேன்.
ஒன்று இருநூற்றுப் பத்து.
எல்லாமே பெரிய அளவு, அதற்கும் பெரிய அளவு.
மோதிரம் புதுவயல் அடகுக்கடையில்
பதினாலாயிரத்துக்குப் படுத்திருக்கிறது.

அரிசி ஆலையில் ஏழு வருடம் கணக்கெழுதியவள் நான்.
மூட்டை எண்ணத் தெரியும், நெல்லைக் கடித்து ஈரம் சொல்லத் தெரியும்,
கடன் சொல்லப்போகிறவனின் செருமல் தெரியும்.
முகம் தெரியாதவளுக்கு
முகம் காட்டாமல் விற்கத் தெரியாது.

அதற்கும் ஒரு பாடம் இருந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
கோட்டுப் போட்ட தம்பி ஒருவர்
யாருடையதோ காரில் சாய்ந்துகொண்டு
'மொதல்ல உங்கள நீங்க நம்புங்க' என்றார்.
நம்பினேன்.
பதினோராவது வீடியோவில்
அடுத்த பாடத்தின் விலையைச் சொன்னார்.

மாடியில் கொடி கட்டிப் படம் எடுத்தேன்.
ஆலைப் புகைபோக்கியிலிருந்து உமிக்கரி பறந்து வந்து
வெள்ளை நைட்டிக்குப் பொட்டு வைத்தது.
இந்த ஊரில் வெள்ளையைக் காயப்போட்டு விற்க முடியாது
என்பது என் முதல் சந்தை ஆய்வு.

நாளுக்கு இருநூறு ரூபாய் விளம்பரம், ஒன்பது நாள்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்
பார்த்ததாகப் போன் சொன்னது.
எங்கள் தெரு முளைப்பாரிக்குக்கூட அத்தனை கூட்டம் வராது.
பார்த்தவர்களில் பாதிப்பேர் ஆண்கள்.
முப்பத்தொரு பேர் 'விலை?' என்றார்கள்.
சொன்னதும் இரண்டு நீல டிக்.
அப்புறம், மின்வெட்டில் ஆலை நின்றதுபோல் ஒரு அமைதி.

இந்தப் பக்கத்து ஆட்கள் கப்பலேறி
பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனார்களாம்.
அவர்களுக்காவது எதிரில் ஓர் ஆள்
முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றிருப்பான்.

பத்தாம் நாள் ராத்திரி
குளித்தலையிலிருந்து பெர்னதெத் என்றொரு நர்ஸ் எழுதினாள்:
'அக்கா, சம்மணம் போட்டா தொடைகிட்ட கிழியுமா?'

விலை கேட்கவில்லை. நிறம் கேட்கவில்லை.
நானும் எண்பத்தாறு கிலோ.
அந்தக் கேள்வியை எத்தனை கடைகளில்
கேட்காமலே படியிறங்கியிருக்கிறேன்.

போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து
மெரூன் நைட்டியைச் சுடிதார்மேல் மாட்டிக்கொண்டு
கழுத்துக்குக் கீழே மட்டும் தெரியும்படி
சம்மணம் போட்டேன். எழுந்தேன். குந்தினேன்.
ஏணி வைத்துப் பரணுக்கு ஏறி
ஒரு காலி டின்னோடு இறங்கினேன்.
மூச்சு வாங்கியதும் பதிவாகியிருந்தது. வெட்டவில்லை.
'கிழியல, பாரும்மா' என்று அனுப்பினேன்.
பிறகு யோசித்து
அதையே விளம்பரமாகவும் போட்டேன்.

பெர்னதெத் அதே மெரூனைக் கேட்டாள்.
முன்னூற்றுத் தொண்ணூறு வந்தது.
நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு எழுதினேன்:
நைட்டி இருநூற்றுப் பத்து, கூரியர் அறுபத்திரண்டு,
மிச்சம் நூற்றுப் பதினெட்டு.
பாடத்தையும் ஒன்பது நாள் விளம்பரத்தையும் கழித்தால்
மூவாயிரத்து அறுநூற்று எண்பத்தொன்று பற்று.

ஆனால் எங்கள் ஆலையில்
சுமைக்கார வெள்ளைக்கண்ணு மூட்டை எண்ணும்போது
முதல் மூட்டையை ஒன்று என்றதே இல்லை.
லாபம் என்பார்.
பாதி பதராக வந்த நெல்லையும்
லாபம் என்றுதான் தொடங்குவார்.

இன்று பதினோரு பொட்டலம்.
சிவகாசிக்குப் போன ஒன்று 'ஆளில்லை' என்று திரும்பிவிட்டது.
போக வர நூற்றிருபத்துநாலு தண்டம்.
அதன் முகவரியைக் கிழித்துவிட்டு
அதைத்தான் உடுத்தியிருக்கிறேன்.

'பதினொண்ணுதானக்கா?' என்று
கூரியர் சேவுகப்பெருமாள் பையை விரித்தான்.
'இரு' என்று ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
லாபம். ரெண்டு. மூணு.
நாலாவதன் மேல்
கரித்துகள் ஒன்று வந்து உட்கார்ந்தது.
ஊதிவிட்டு,
நாலு என்றேன்.